அலுமாரிக்குள் இருக்கும் கொழும்பு: பழைய நகர நிகழ்ச்சி நாடாக்களை மீட்கும் வழி

கொழும்பில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சித் தொகுப்பாளர் பத்துப் பதினைந்து வருடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நகரம் சுற்றியிருந்தால், அவர் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் இரண்டு மூன்று பெட்டி கசெட் கிடக்கும். சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. அந்தக் காலத்தில் ஒளிபரப்பு நாடா விலை கூடிய பொருள். ஒளிபரப்பானதை அழித்துவிட்டு அதே நாடாவில் மறுபடி பதிவது உலகெங்கும் நிலையங்களின் வழமையாக இருந்தது. ஆகவே வீட்டில் டெக்கில் (நாடாவை ஓட்டும், பதியும் மெஷினில்) பதிந்து வைத்த வி.எச்.எஸ். பிரதியோ, தொகுக்காத ஹை-8 மூல நாடாவோ அந்த நிகழ்ச்சியின் ஒரே பிரதியாக இருக்கக்கூடும்.

அப்படியொரு பெட்டி கைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறோம். பேரப்பிள்ளையாகவோ, ஊடகக் கற்கை மாணவராகவோ, நூலகத் தொண்டராகவோ நீங்கள் இருக்கலாம். தொடங்குமுன் இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். நாடாவை "என்ன இருக்குதெண்டு சும்மா பார்ப்போம்" என்று ஓட்ட வேண்டாம். முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம் என்பதால் ஓட்டும்போதே பதிவும் நடக்க வேண்டும். மற்றது, படத்தை விடப் படத்தைப் பற்றிய நினைவு சீக்கிரம் அழியும். எந்த ஒழுங்கை, எந்த வருடம், பேசுகிறவர் யார் என்று சொல்லக்கூடிய ஆட்களுக்கு இப்போது எழுபது எண்பது வயது.

எண்ணுவதும் எழுதுவதும்

முதல் நாள் எந்த மெஷினையும் தொடாதீர்கள். ஒவ்வொரு கசெட்டுக்கும் நான்கு இலக்க எண் கொடுங்கள்: 0001, 0002 என்று. எண்ணை கசெட்டிலும் உறையிலும் பென்சிலாலோ, அமிலமற்ற சிறு லேபலிலோ எழுதலாம். நாடா தெரியும் கண்ணாடிப் பக்கத்திலும் கதவு மடியும் இடத்திலும் எதையும் ஒட்ட வேண்டாம். பழைய லேபலைக் கிழிக்காமல் முன், பின், முதுகு மூன்றையும் படம் எடுங்கள். உறைக்குள் செருகியிருக்கும் துண்டுத்தாள், கேள்விக் குறிப்பு, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் அதே எண்ணோடு ஒரு காகித உறையில் போடுங்கள். லேபலை மட்டும் நம்பவும் வேண்டாம். "ஆடிவேல்" என்று எழுதிய கசெட்டில் ஆடிவேல் இருபது நிமிடமும், மிச்சம் வேறு நான்கு படப்பிடிப்பும் இருப்பது சாதாரணம்.

அடுத்த வேலை அழிபாட்டுத் தடுப்பு (எது எந்த வகைக் கசெட் என்பது அடுத்த பகுதியில்). வி.எச்.எஸ். முதுகிலுள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்து எடுங்கள். யூ-மேட்டிக் கசெட்டின் அடியிலுள்ள சிவப்புப் பொத்தானைக் கழற்றுங்கள். மினி டீவீயிலும் ஹை-8இலும் சிறு தள்ளுபொத்தான் இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் தவறுதலாக ஒரு தடவை பதிவுப் பொத்தான் அழுத்தப்பட்டாலே போதும், அந்த இடம் போனது போனதுதான்.

எந்த வகை என்று பார்ப்பது

அளவுகோல் எடுத்து அளந்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். 18.7 சென்ரிமீற்றர் நீளமும் 10.2 அகலமும் என்றால் வி.எச்.எஸ். ஏறத்தாழ 22க்கு 14, கனமான உடம்பு, உள்ளே முக்கால் அங்குல நாடா என்றால் யூ-மேட்டிக். 1971இல் வந்தது, செய்திப் பிரிவுகளின் பழைய உழைப்பாளி. 15.6க்கு 9.6 என்றால் பீட்டாகேம் சிறியது, பெரியது 25.4க்கு 14.5. 1986இல் வந்த பீட்டாகேம் எஸ்.பி.தான் தொண்ணூறுகளில் நிலையங்கள் பெரிதும் நம்பிய வகை. இங்கே ஒரு பொறி உண்டு: வீட்டுப் பாவனைக்கு வந்த பீட்டாமேக்ஸும் சிறிய பீட்டாகேமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், பதிவுமுறை முற்றிலும் வேறு. 9.5க்கு 6.2 என்றால் எட்டு மில்லிமீற்றர் குடும்பம் — வீடியோ-8, ஹை-8, டிஜிட்டல்-8 மூன்றுக்கும் ஒரே உடம்பு, லேபலைத்தான் பார்க்க வேண்டும். 6.6க்கு 4.8 என்றால் மினி டீவீ.

தகர டப்பாவில் பிலிம் சுருள் கிடைத்தால் அது 16 மில்லிமீற்றராக இருக்கக்கூடும். 400 அடிச் சுருள் நொடிக்கு 24 சட்டகத்தில் 11 நிமிடம் ஓடும். அதைப் புரொஜெக்டரில் போட்டுப் பார்க்காதீர்கள். சுருங்கிய பிலிமின் துளைகள் கிழிந்துவிடும். டப்பாவைத் திறந்ததும் வினாகிரி வாடை வந்தால் அசற்றேற் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. வினாகிரிச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் பிடிக்கும். பிலிமுக்கு ஸ்கேனர் வேண்டும், அது வீட்டு வேலை அல்ல.

இன்னொரு சோதனை, நிறமுறை. இலங்கையில் பதிந்தவை "பால்" முறை: 625 வரி, நொடிக்கு 25 சட்டகம். ஆனால் கனடாவில் இருக்கும் உறவினர் "எங்களிட்டயும் ஒரு பிரதி இருக்கு" என்று அனுப்பும் கசெட் வட அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.க்கு மாற்றப்பட்டதாக இருக்கும். மாற்றிய பிரதி மங்கலாகவும் அசைவில் திக்கலாகவும் இருக்கும். கொழும்பில் மூலப் பிரதி ஓடக்கூடிய நிலையில் இருந்தால் அதையே முதலில் எடுங்கள். மூலத்தில் பாதி போய்விட்டதென்றால் கனடாப் பிரதி பொன்.

ஈரம், பூஞ்சணம், ஒட்டும் நாடா

கொழும்பின் காற்றில் ஈரப்பதன் வருடத்தின் பெரும்பகுதி 75 வீதத்துக்கு மேல். 65 வீதம் தாண்டினாலே பூஞ்சணம் வளரும். கசெட் கண்ணாடி வழியாக ரோர்ச் அடித்து நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பு மினுக்கமாக இருந்தால் நல்லது. வெள்ளையாகவோ சாம்பலாகவோ பஞ்சு போலப் படிந்திருந்தால் அது பூஞ்சணம். அப்படியொரு நாடாவை டெக்கில் போட்டால் அந்த நாடாவோடு நிற்காது. ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் காந்த முனையில்) ஒட்டி அடுத்து வரும் பத்து நாடாவுக்கும் பரவும்.

பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனிப் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு அடையுங்கள். இருபது வி.எச்.எஸ். கொள்ளும் பெட்டிக்கு அரைக் கிலோ போடலாம். சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். அது காட்டும் அளவு 50 வீதத்துக்குக் கீழே இறங்கி, இரண்டு மூன்று வாரம் அங்கேயே நிற்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறினால் வெளியே எடுத்து 120 பாகையளவில் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி போடலாம். காய்ந்த பூஞ்சணம் தூளாகிவிடும். அதன் பிறகே கசெட்டைத் திறந்து, வீட்டுக்கு வெளியே, நல்ல வடிகட்டியுள்ள வக்யூமாலும் மென்மையான துணியாலும் எடுக்க வேண்டும். என்-95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலைக்குக் கிட்டவே வரக்கூடாது. நாடாவை வெயிலில் காயப்போடுவது பலருக்குத் தோன்றும் யோசனை. செய்யாதீர்கள், சுருள் கோணும்.

பெட்டி திறக்கும் வேலைக்கு ஜனவரி, பெப்ரவரி ஏற்ற மாதங்கள். ஒக்ரோபர், நவம்பர் மழையில் நாடாவை வெளியே பரப்புவதென்றால் ஏ.சி. அறை வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: குளிர்ந்த அறையிலிருந்து வெளியே எடுத்ததும் நாடாவில் நீர் படியும், ஈர நாடா டெக்கின் ட்ரம்மில் (ஹெட்டுகள் பதிந்த சுழலும் உருளையில்) ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். எந்த அறையில் ஓட்டப் போகிறீர்களோ அந்த அறையில் 24 மணித்தியாலம் உறையோடு கிடக்கட்டும்.

ஒட்டும் நாடா வேறு நோய். காந்தத் தூளை நாடாவோடு பிணைக்கும் பசை வருடக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சிச் சிதையும். ஓடும்போது கீச்சென்ற சத்தம், படம் சில நொடியில் மங்குவது, ஹெட்டில் பழுப்புக் களி — இவை அறிகுறிகள். யூ-மேட்டிக்கில் அதிகம், வி.எச்.எஸ்.இல் அரிது. அறிகுறி தெரிந்த நொடியிலேயே நிறுத்துங்கள். வல்லுநர்கள் இப்படிப்பட்ட நாடாவை 50 பாகைக்குச் சற்று மேலே, கட்டுப்பாடான உலர்பெட்டியில், எட்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ சூடாக்குவார்கள். அதன் பின் சில வாரம் ஓடும், பிறகு மறுபடி ஒட்டும். சமையல் அவனில் இதைச் செய்து பார்க்காதீர்கள். அதன் வெப்பம் பத்துப் பதினைந்து பாகை ஏறி இறங்கும், கசெட் உடம்பே வளைந்துவிடும். புதியவர் செய்ய வேண்டியது, அந்தக் கசெட்டுக்குச் சிவப்பு அடையாளம் வைத்து ஒதுக்குவதுதான்.

டெக் தேடுவது

மீட்பு வேலையில் நாடாவை விட அரிதான பொருள் ஓட்டும் மெஷின். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் கலியாண வீடியோ எடுத்த பழைய ஸ்ரூடியோக்களில் கேளுங்கள், எஸ்-வி.எச்.எஸ். டெக்குகளும் ஹை-8 கமெராக்களும் மூலையில் கிடக்கும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிப் பொருள்களும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேபிளும் இணைப்பிகளும் கிடைக்கும். பீட்டாகேமும் யூ-மேட்டிக்கும் வீட்டுக்கு வாங்கும் மெஷின்கள் அல்ல. இவற்றுக்கு ஒரு ஒளிபரப்பு நிலையத்தையோ தயாரிப்பு நிறுவனத்தையோ எழுத்தில் அணுகுங்கள்.

வாங்குமுன் உங்கள் நாடாவைப் போடாதீர்கள். பெறுமதியில்லாத ஒரு கசெட்டைக் கொண்டுபோய் ஓட்டி, முன்னே பின்னே சுற்றி, வெளியே எடுத்து நாடா விளிம்பில் மடிப்போ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டெக்கின் றப்பர் பட்டிகளும் பிஞ்ச் ரோலரும் (நாடாவை அழுத்தி இழுக்கும் றப்பர் உருளை) முதலில் போகும். ரோலர் கண்ணாடி போலப் பளபளத்தால் அது இறுகிவிட்டது. நாடாவை ஒரு பக்கமாக இழுக்கும்.

ஹை-8க்கு ஒரு நல்ல வழி உண்டு. சோனியின் டிஜிட்டல்-8 கமெராக்களில் சில மொடல்கள் பழைய அனலொக் எட்டு மில்லிமீற்றர் நாடாக்களையும் ஓட்டி, ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கேபிள் வழியாக டிஜிட்டலாகவே வெளியே தரும். எல்லா மொடலும் தராது. கையேட்டைப் பார்த்து வாங்குங்கள்.

ஹெட் சுத்தம் செய்ய 99 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல், நூல் உதிராத துணி அல்லது மான்தோல் துண்டு. காது துடைக்கும் பஞ்சுக்குச்சி வேண்டாம், பஞ்சு இழை ஹெட்டின் இடுக்கில் மாட்டும். துணியை நனைத்து ட்ரம்மில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் ட்ரம்மை மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முறியும். முறிந்தால் டெக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஐந்து நாடாவுக்கு ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள். படத்தில் வெள்ளைக் கோடு கூடினால் உடனே செய்யுங்கள்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். ஓடும்போது மின்வெட்டு வந்தால் நாடா ட்ரம்மைச் சுற்றியபடியே நிற்கும். டெக், கணினி இரண்டும் யு.பி.எஸ்.இல் இருக்கட்டும். ஏப்ரல் மாலைகளில் இடி கேட்கத் தொடங்கினால் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பதிவு

ஓட்டுமுன் நாடாவை ஒரு தடவை முடிவு வரை சுற்றி, மறுபடி தொடக்கத்துக்குச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் அசையாத சுருளின் இறுக்கம் சமனாகும். ஒட்டும் அறிகுறி உள்ள நாடாவுக்கு இது பொருந்தாது.

அனலொக் நாடாவின் சங்கிலி இப்படி: டெக், அதிலிருந்து எஸ்-வீடியோ கேபிள், டைம் பேஸ் கரெக்டர் (நாடா வேகத்தின் தடுமாற்றத்தைத் திருத்தும் கருவி), அதன் பிறகு பதிவுக் கருவி, கணினி. சாதாரண மஞ்சள் வீடியோ கேபிளை விட எஸ்-வீடியோ நல்லது. ஒளியும் நிறமும் தனித்தனிக் கம்பியில் போவதால் விளிம்புகளில் நிறம் ஊர்வது குறையும். பீட்டாகேமுக்கு மூன்று கம்பிக் கொம்போனன்ட். டைம் பேஸ் கரெக்டரைச் செலவு என்று தவிர்க்கிறவர்கள் பின்னால் வருந்துவார்கள். நாடாவின் வேகம் நொடிக்கு நொடி நுண்ணளவில் தடுமாறும். திருத்தாமல் அனுப்பினால் பதிவுக் கருவி சட்டகங்களைத் தவறவிடும். ஒரு மணித்தியால நாடாவில் சில நூறு சட்டகம் காணாமல் போனால் கடைசியில் வாயசைவும் குரலும் பல நொடி விலகி நிற்கும். மலிவான யு.எஸ்.பி. பதிவுக் குச்சிகளின் பெரிய கேடு இதுதான். போதாததற்கு அவை படத்தைச் சுருக்கியும் தள்ளும்.

ஒளி அளவைப் பதிவுக்கு முன் சரிபாருங்கள். நகர நிகழ்ச்சி பெரும்பாலும் பகல் வெயிலில் எடுத்தது. காலிமுகத்திடல் வானமும் வெள்ளைச் சேட்டும் எல்லையைத் தாண்டி வெளுத்துப்போகும். நாடாவில் இன்னும் இருக்கும் முகில், பதிவில் வெட்டுப்பட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் திரும்பாது. அளவுமானியில் எட்டு பிட் கணக்குக்கு 16க்கும் 235க்கும் இடையில் படம் நிற்கும்படி வெளியீட்டைக் குறையுங்கள்.

மூலக் கோப்பு: 720க்கு 576, பத்து பிட், 4:2:2 (நிற விவரத்தின் அளவு), எஃப்.எஃப்.வி.1 என்ற இழப்பில்லாத கோடெக் (சுருக்கும் முறை), மட்ரோஸ்கா உறை (.mkv கோப்பு). ஒலி 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். சுருக்கமே இல்லாமல் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 100 ஜிகாபைட் வரும், எஃப்.எஃப்.வி.1 அதைப் பாதிக்கும் கீழே, 40 அளவுக்கு, ஒரு புள்ளியும் இழக்காமல் கொண்டுவரும். கோப்பின் எந்தத் துண்டு பழுதானது என்று காட்டும் சோதனை எண்ணும் உள்ளேயே இருக்கும். மூன்று மணி ஓடும் வி.எச்.எஸ். நாற்பது என்றால் 120 மணி, 5 டெராபைட்டுக்குக் கிட்ட. இரண்டு பிரதிக்குக் கணக்குப் போட்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

மினி டீவீக்கு இந்தச் சங்கிலி எதுவும் வேண்டாம். நாடாவிலேயே டிஜிட்டல் தரவு இருப்பதால் ஃபயர்வயரில் அப்படியே இறக்கினால் போதும், மணிக்கு 13 ஜிகாபைட். அதை எஸ்-வீடியோ வழியாக அனலொக்காக்கி மறுபடி டிஜிட்டலாக்குவது வீண் இழப்பு.

வரியிடைப் படத்தை (interlaced) மூலத்தில் கலைக்காதீர்கள். ஒரு சட்டகத்தில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாக இரண்டு புலம், நொடிக்கு 50 அசைவு இருக்கிறது. மூலக் கோப்பில் அது அப்படியே நிற்கட்டும். பார்வைப் பிரதியில் மட்டும் நொடிக்கு 50 முழுச் சட்டகமாக விரித்து, 768க்கு 576 அளவில், எச்.264 என்ற சுருக்க முறையில் கொடுங்கள்; மணிக்கு இரண்டு ஜிகாபைட் போதும். புல வரிசை அனலொக் "பால்" முறையில் மேற்புலம் முதல், மினி டீவீயில் கீழ்ப்புலம் முதல். இதை மாற்றிப் போட்டால் ஓடும் பஸ் முன்னும் பின்னுமாக நடுங்கும். இந்த நடுக்கத்தை நாடாப் பழுது என்று நினைத்து எறிந்தவர்கள் உண்டு.

இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு 4:3 ஆகவே வையுங்கள். அகலத் திரைக்கு இழுத்தால் ஆட்கள் குண்டாவார்கள். வெட்டினால் மேலே கடைப் பெயர்ப்பலகையும் கீழே இலக்கத் தகடும் போகும், அவைதான் நமக்கு வேண்டியவை.

தொகுத்த நிகழ்ச்சியா, மூல நாடாவா?

இரண்டும் இருந்து நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் மூல நாடாவை எடுங்கள். ஒளிபரப்பான நிகழ்ச்சியில் தொகுப்பாளரின் முகமும் மூன்று நொடிக் கடைக் காட்சியும் இருக்கும். மூல நாடாவில் அதே கடைத்தெரு நான்கு நிமிடம் வெட்டில்லாமல் ஓடும். கமெரா நிற்க மறந்து நிலத்தைக் காட்டிய இடத்தில் கொண்டக்டரின் குரல் கேட்கும். தொகுப்பாளர் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று தயாராகும்போது பின்னால் போகிற வண்டில்கள் அவர் பேசும் வசனத்தை விட நகரத்தைக் கூடுதலாகச் சொல்லும். ஆகவே நாடாவின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை பதியுங்கள், வெற்றிடத்தையும் சேர்த்து.

விவரம் எழுதுவது

பார்வைப் பிரதி தயாரானதும் தொகுப்பாளரையோ ஒளிப்பதிவாளரையோ தேடிப் போங்கள். ஒரு அமர்வு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். களைத்துப்போனால் "அது எங்கயோ புறக்கோட்டைதான்" என்று வந்துவிடும். மடிகணினியில் ஓட்டி, பக்கத்தில் தொலைபேசியில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள். "இது எந்த இடம் ஐயா?" என்று கேட்பதை விட "நீங்கள் எந்தப் பக்கத்தால நடந்து வந்தீங்கள்?" என்று கேட்பது பலனுள்ளது, உடம்பு நினைவு பெயர் நினைவை விட உறுதி. அவர் தவறாகச் சொல்வதாகத் தெரிந்தாலும் அந்த இடத்தில் திருத்தாமல், அவர் சொன்னதையும் நீங்கள் கண்டதையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள்.

ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

நாடா 0147 / 00:03:12 முதல் 00:04:40 வரை / புறக்கோட்டை, மெனிங் சந்தை, ஒல்கொட் மாவத்தை வாசல் / பகல் / தொகுப்பாளர் மரக்கறி வியாபாரியிடம் விலை கேட்கிறார் / தமிழ், இடையிடையே சிங்களம் / பின்னணியில் பெயர்ப்பலகை, தொலைபேசி இலக்கம் ஆறு இலக்கம் / காலம்: 2003க்கு முன், ஊகம் / ஒலியில் இரைச்சல், இடது பக்கம் மட்டும்.

தெருப் பெயர்களில் பழையதும் புதியதும் இரண்டும் வேண்டும். தேடுகிறவர் எந்தப் பெயரில் தேடுவார் என்று நமக்குத் தெரியாது. ஒல்கொட் மாவத்தை முன்பு நொரிஸ் வீதி, தர்மபால மாவத்தை முன்பு டரட் வீதி, ஆர்.ஏ. டி மெல் மாவத்தையை இன்றைக்கும் டூப்ளிகேஷன் ரோட் என்றே சொல்கிறார்கள். ஆனந்த குமாரசுவாமி மாவத்தை முன்பு கிரீன் பாத். தமிழிலேயே ஒரு இடத்துக்கு இரண்டு பெயர் உண்டு: செட்டியார் தெருவும் சீ ஸ்ட்ரீட்டும் ஒன்று, கொம்பனித்தெருவும் ஸ்லேவ் ஐலண்டும் ஒன்று. கொழும்பு 06, கொழும்பு 13 என்ற இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்; பெயர் மாறினாலும் இலக்கம் நிற்கிறது.

காலத்தைக் கண்டுபிடிப்பது

லேபலில் திகதி இல்லாத நாடாதான் அதிகம். கமெராவின் மூலையில் பதிந்திருக்கும் திகதியை நம்பக்கூடாது. பற்றரி மாற்றியதும் அது தொடக்கத் திகதிக்குப் போய்விடும். படத்திலேயே சான்று தேடுங்கள்.

பெயர்ப்பலகையின் தொலைபேசி இலக்கம் சிறந்த சாட்சி. கொழும்பு இலக்கங்கள் 2003இல் மாறி 011-2 என்று தொடங்கின. அதற்கு முன் 01உடன் ஆறு இலக்கம். பழைய பலகையைக் கடைக்காரர் வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பார், ஆகவே ஆறு இலக்கம் மட்டும் கண்டால் உறுதி இல்லை. 011-2 ஒன்று கண்டால் 2003க்கு முன் இல்லை என்பது உறுதி. இந்த வகைச் சான்று எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: புதியது தென்பட்டால் காலத்தின் கீழெல்லை கிடைக்கும், பழையது தென்பட்டால் ஊகம்தான்.

வானவிளிம்பைப் பாருங்கள். கோட்டையில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம் 1997 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. பேரை வாவிப் பக்கம் தாமரைக் கோபுரத்தின் தண்டு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை வைத்து 2010களின் நாடாக்களை வரிசைப்படுத்தலாம். காலிமுகத்திடலின் வடக்கே கடல் திறந்தபடி கிடந்தால் துறைமுக நகருக்கு மண் நிரப்பத் தொடங்கிய 2014க்கு முன். மெனிங் சந்தை புறக்கோட்டையில் மொத்த வியாபாரத்தோடு இயங்கினால், பேலியகொடைக்கு அது போன 2020க்கு முன்.

சந்தைக் காட்சியில் கைமாறும் காசை நிறுத்திப் பாருங்கள். 200 ரூபாய் பொலிமர் தாள் 1998 பெப்ரவரியில் வந்தது, 5000 ரூபாய்த் தாள் 2011இல். வாகனத் தகட்டில் ஸ்ரீ எழுத்து, பிறகு இலக்கமும் கோடும் மட்டும், அதன் பின் மாகாண எழுத்து என்று வரிசை போகும். சுவரில் ஜனாதிபதித் தேர்தல் சுவரொட்டி இருந்தால் 1988 டிசம்பர், 1994 நவம்பர், 1999 டிசம்பர், 2005 நவம்பர், 2010 ஜனவரி, 2015 ஜனவரி என்று வேட்பாளர் முகத்தை வைத்துப் பொருத்தலாம். கிழியாமல் நிற்கும் சுவரொட்டி அடுத்த வருடமும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். திரையின் மூலையிலுள்ள நிலையச் சின்னமும் உதவும்: சக்தி 1998, வசந்தம் 2009.

மணிக்கூட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. இலங்கை 1996 மே மாதம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது, அதே வருடம் ஒக்ரோபரில் அரை மணி திரும்ப எடுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு வந்தது. புறக்கோட்டைக் கான் மணிக்கூட்டுக் கோபுரமோ புகையிரத நிலைய மணிக்கூடோ சட்டகத்தில் வந்து, நிழலும் தெளிவாக விழுந்தால், நண்பகல் நிழல் 12 மணியை ஒட்டி இருக்கிறதா, அரை மணி தள்ளி இருக்கிறதா என்று பார்க்கலாம். மணிக்கூடு ஓடுகிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

உரிமையும் ஆட்களும்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒலி-ஒளிப் படைப்புக்கு 70 வருடப் பாதுகாப்பு உண்டு. நாம் பேசும் நாடா எதுவும் அந்தக் காலத்தைத் தாண்டவில்லை. ஒளிபரப்பான நிகழ்ச்சியை நிலையத்தின் உடைமை என்றே எடுத்துக்கொண்டு, இணையத்தில் போடுமுன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். தொகுப்பாளர் தன் கமெராவில், தன் செலவில் எடுத்தவை வேறு கணக்கு. அவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிவிடுங்கள்: எந்த எண் நாடாக்கள், உரிமை யாருடையது, பொதுவில் காட்டலாமா, வேலை முடிந்ததும் நாடா யாருக்குத் திரும்ப வேண்டும், அவர் இல்லாத காலத்தில் முடிவெடுப்பவர் யார். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள்.

சட்டத்தை விடப் பாரமான விஷயம் இன்னொன்று. யுத்த கால நாடாக்களில் சோதனைச் சாவடி, அடையாள அட்டையை நீட்டி நிற்கும் ஆட்கள், லொட்ஜில் தங்கி வெளிநாட்டுக்குக் காத்திருந்தவர்கள், ஒரு நொடி கோபத்தில் கமெராவுக்கு முன் பேசிவிட்டவர்கள் எல்லாம் இருப்பார்கள். அன்று இரவு ஒரு தடவை ஒளிபரப்பாகிப் போகும் என்று நம்பிப் பேசியவரை இன்று எவரும் பெயர் போட்டுத் தேடிப் பிடிக்கலாம். மூலக் கோப்பில் எதையும் வெட்டாதீர்கள். பொதுப் பிரதியில் அட்டை இலக்கம், வீட்டு விலாசம் தெரியும் இடங்களை மறையுங்கள். சந்தேகமுள்ள பகுதிகளை "கட்டுப்படுத்தியது" என்று குறித்து, காரணத்தையும் எழுதி, ஆராய்ச்சியாளர் நேரில் வந்து பார்க்கும்படி வையுங்கள்.

கொடுத்து வைப்பது

கோப்பை இறக்கிய அன்றே ஒவ்வொன்றுக்கும் எஸ்.எச்.ஏ.-256 சோதனைத் தொகையை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை) எடுத்து ஒரு எழுத்துக் கோப்பில் சேமியுங்கள். கோப்புப் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம், இலக்கமும் கீழ்க்கோடும் போதும். தமிழ் விவரம் எல்லாம் அட்டவணையில் இருக்கட்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க், வெவ்வேறு கம்பனி, வெவ்வேறு வீடு. வெள்ளம் வரும் பகுதியில் கீழ்த்தளத்தில் வைக்காதீர்கள்.

மூன்றாவது பிரதி ஒரு நிறுவனத்தில் இருக்க வேண்டும். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களை டிஜிட்டலாக்கி வரும் நூலகம் நிறுவனத்துக்கு பல்லூடக ஆவணகம் இருக்கிறது. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. அரசின் பக்கம் கொழும்பு 07இல் தேசிய சுவடிகள் காப்பகம். வெறும் ஹார்ட் டிஸ்க்கை நீட்டினால் யாரும் மகிழமாட்டார்கள். அட்டவணை, கடிதம், சோதனைத் தொகை மூன்றோடும் போனால் பேச்சு அரை மணியில் முடியும்.

பதிந்து முடித்த கசெட்டைக் குப்பையில் போடாதீர்கள். இன்னும் நல்ல டெக்கும் நல்ல கருவியும் பத்து வருடத்தில் ஒருவர் கையில் இருக்கலாம். முடிவு வரை ஒரே ஓட்டமாகச் சுற்றி, உறைக்குள், புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள். படுக்க வைத்தால் சுருள் ஒரு பக்கம் சரியும். பகலில் ஏ.சி. போட்டு இரவில் நிறுத்தும் அறையை விட, ஏ.சி.யே இல்லாமல் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய பெட்டி நல்லது. ஏறி இறங்கும் ஈரம்தான் நாடாவைக் கொல்கிறது. ஜெல்லின் நிறத்தை இரண்டு மாதத்துக்கொரு தடவை பாருங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் இணைத்து, சோதனைத் தொகையை மறுபடி ஓட்டி, திகதியைப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எழுதுங்கள்.